அங்கே அப்பா நலம்

இந்த நாட்டில் யாராவது 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. வந்த புதிதில் இது தெரியாமல், லிஃப்டில் கேட்ட ஒருவனிடம் என் வயிற்றுக் கோளாறை விவரமாகச் சொல்ல ஆரம்பித்து, அவன் தன்னுடைய மாடி வருவதற்கு முன்பே இறங்கி ஓடியதைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர் நடந்துகொண்டே கேட்பார், நாமும் நடந்துகொண்டே 'நலம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். என்னுடைய மானேஜர் கேரன் மட்டும் நின்று கேட்பாள். திங்கட்கிழமைக் காலையில் காபி மெஷின் பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டால், கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உன் அப்பா எப்படி இருக்கிறார்?" என்பாள். பதில் வருகிறவரை கோப்பையை எடுக்க மாட்டாள். நன்றாக இருக்கிறார் என்பேன். சாப்பாடு இறங்குகிறதா என்பாள். இறங்குகிறது என்பேன். நடக்கிறாரா? சாயங்காலம் ஆற்றுப் பக்கம் நடந்து போய்க் காற்று வாங்கிவிட்டு வருகிறார். அவள் முகமெல்லாம் சிரிப்பாகி, காபியை எடுத்துக்கொண்டு போவாள். அப்பா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஊரில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, 'அடப்பாவி, பெற்ற தகப்பன் செத்ததை மறைத்தவனா நீ' என்று தோன்றும். தோன்றட்டும். என்னைப் போல விசாவைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே குப்பை கொட்டுகிறவர்களுக்கு அப்படித் தோன்றாது என்று நினைக்கிறேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. யாரிடம் கேட்பது, எதற்காகக் கேட்பது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. இங்கே ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியும் பேசிப் பேசி எனக்கே குழம்ப ஆரம்பித்துவிட்டது. நடந்தது இதுதான் என்று ஓரிடத்திலாவது சொல்லி வைத்துவிட வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

பாஸ்டனுக்கு வெளியே ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இரண்டாயிரமாம் வருஷம் பிறக்கிறபோது பழைய புரோகிராம்கள் எல்லாம் தேதி தெரியாமல் திருதிருவென்று முழிக்கப் போகின்றன என்று உலகமே பயந்துகொண்டிருக்கிறதே, அந்தப் பயத்தில்தான் எனக்குச் சோறு. வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில். அப்பா ஜங்ஷன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். ஊர்ப்பட்ட ஜனத்தை மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் அனுப்பி வைத்தவர், தான் மட்டும் மதுரையைத் தாண்டிப் போனது அபூர்வம். ரிட்டயர் ஆன பிறகும் பேச்செல்லாம் டிக்கெட் பேச்சுதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூட்டம் நின்றால், "வெயிட்டிங் லிஸ்ட் நீளமா இருக்கே" என்பார். வீட்டில் நான் ஒரே பிள்ளை.

போன வருஷம் சித்திரையில் அம்மா போனில், அப்பாவுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது என்றாள். பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டரிடம் நானே பேசினேன். உணவுக்குழாயில் புற்று, அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, மூன்று மாதம், மிஞ்சினால் நாலு என்றார். அந்த வருஷத்து லீவையெல்லாம் தை மாதம் பெண் பார்க்க ஊருக்குப் போனபோதே தீர்த்திருந்தேன். பெண்ணும் அமையவில்லை, லீவும் போயிற்று. வேலையை உதறிவிட்டு ஓடிவிடலாம் என்றால், விசா கம்பெனி கொடுத்தது, பச்சை அட்டைக்கான மனுவும் கம்பெனி போட்டது. வேலை போனால் இரண்டும் போய்விடும். வைத்தியத்துக்கும் அதற்குப் பிறகு அம்மாவுக்கும் என் சம்பளத்தை விட்டால் வேறு கதி கிடையாது.

எங்கள் கம்பெனியில் 'டெலிகம்யூட்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆபீசுக்கு வராமல் வீட்டிலிருந்தே மோடம் போட்டு வேலை பார்க்கலாம். எங்கள் பிரிவில் ஒருத்தன் வெர்மான்ட் மலையில் குதிரை வளர்க்கிறான். குட்டி போடுகிற குதிரையை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று சொல்லி மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தான். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குதிரைக்குக் கிடைக்கிறது அப்பாவுக்குக் கிடைக்காதா என்றுதான் நான் ஆரம்பித்தேன்.

ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டுமே. நம் பக்கத்தில் ஒருவரிடம் ஓர் உதவிக்காகப் போனால் எடுத்த எடுப்பில் கேட்டுவிடுவோமா? மழை பெய்ததா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றெல்லாம் பேசி, எழுந்து வாசல் வரைக்கும் வந்து செருப்பை மாட்டுகிறபோது, 'வந்த விசயம் என்னன்னா அண்ணாச்சி' என்று இழுப்போம். கேரனிடமும் அப்படித்தான் போய் நின்றேன். ஒரு நாள் மழை விடமாட்டேன் என்கிறதே என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவள் மேஜையிலிருந்த செடியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை போனபோது அவளே கதவைச் சாத்தி, உனக்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது, செடியைப் பற்றி இல்லை, உட்கார் என்றாள். சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மத்தியானமே என்னை ஹெச்.ஆர். பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டக் என்று ஒருவன். நல்ல மனிதன்தான், குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து டெலிகம்யூட் செய்ய இதுவரை யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை என்று ஆரம்பித்தான். கேரன் எனக்காக மல்லுக்கு நின்றாள். அந்தப் பழைய புரோகிராமை வாசிக்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான், இவன் வேலையை விட்டுப் போனால் நாம் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான் என்றாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு நானே அவனுக்கு போன் செய்து வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். டக் இளகினான். பேனாவைத் திறந்துகொண்டு, எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்டான்.

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? மூன்று மாதம் என்று சொன்னால், மூன்று மாதத்தில் என் அப்பா செத்துப்போவார் என்று நானே சொல்கிறேன் என்று அர்த்தம். டாக்டர் சொல்லலாம். பெற்ற பிள்ளை சொல்வானா? இழுத்துக்கொண்டு கிடக்கிறவரைப் பார்க்கப் போனால்கூட, 'இப்பக் கொஞ்சம் தெளிச்சியா இருக்காவளே' என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிற ஊர்க்காரன் நான். "அப்பாவுக்குக் குணமாகிற வரைக்கும்" என்றேன். டக் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, கேட்க வேண்டியது என் வேலை, தப்பாக நினைக்காதே என்றான். ஒருவேளை அவர் இறந்துவிட்டால், கம்பெனி விதிப்படி மூன்று நாள் துக்க விடுப்பு. அதோடு இந்த ஏற்பாடு முடிந்துவிடும், இங்கே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் உங்கள் வழக்கத்தில் ஏதாவது தேவைப்படுமா, இப்போதே சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன் என்றான். நான் பேச வேண்டிய இடம் அதுதான். எங்களுக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை கொள்ளி வைத்த பிள்ளை வீட்டை விட்டு நகரக் கூடாது, அதற்கு விடு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான், சத்தியமாகக் கொடுத்திருப்பான். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தான். ஆனால் அங்கே அந்த மனிதர் உயிரோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவருடைய பதினாறாம் நாளுக்குப் பேரம் பேசுவதா? "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றேன். டக் கேரனைப் பார்த்தான். கேரன் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிள்ளைக்கு இவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்றால் அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனி பிறந்ததும் கம்பெனி கொடுத்த லேப்டாப்பைச் சுமந்துகொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். அப்பா பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரிட்டன் டிக்கெட் எந்தத் தேதிக்குலே?" என்பதுதான். தேதி போடாத டிக்கெட் என்றேன். "அப்ப எனக்குத்தான் வெயிட்டிங் லிஸ்டா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ரொம்ப நேரமாயிற்று. எங்கள் ஊருக்கு அப்போது இன்டர்நெட் வந்திருக்கவில்லை. வெளியூர் எண்ணுக்கு எஸ்.டி.டி. போட்டு, மோடம் கீச்கீச்சென்று கத்தி, ஃபைல் பாதி போகும்போது லைன் அறுந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்பா கட்டிலில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "இதென்னலே, கோழி முட்ட போடுத மாதிரி ஒரு வேல" என்பார். சாயங்காலம் ஆறரைக்கு, வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில், கேரனுக்குக் காலை ஒன்பது மணி. தவறாமல் போன் வரும். முதல் கேள்வி எப்போதும் அப்பாவைப் பற்றித்தான், வேலை எல்லாம் அப்புறம்.

ஆடி முடிகிறபோது கஞ்சியும் நின்றுவிட்டது. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தோம். ஒரு மத்தியானம், அம்மா அடுக்களையில் இருந்தபோது, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

"ஒன் கம்பெனிக்காரன்ட்ட எல்லாம் பேசிட்டுத்தான வந்திருக்க?"

"பேசிட்டேன்."

"நான் போனப் பொறவு ஒடனே வண்டி ஏறச் சொல்லிருவானா?"

"அப்பிடில்லாம் பேசாதிய."

"நாம பேசாம இருந்தா வண்டி வராம இருக்குமா? பதினாறு முடியிற வரைக்கும் இருலே. ஒங்கம்ம ஒத்தையில கெடந்து அல்லாடுவா."

இருக்கேன் என்றேன். டக்கின் முன்னால் எனக்கு வாயில் வராத பேச்சு அவருக்குக் கூசாமல் வந்தது. சாகப் போகிறவருக்கே அதைப் பேசுகிற உரிமை இருக்கிறது போல. ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில் போய்விட்டார். நாங்குநேரியிலிருந்து அத்தை வர வேண்டும், கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா வர வேண்டும், அதனால் மறுநாள் காலையில் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். வாசலில் பெஞ்சு போட்டு ஆண்களும், உள்ளே அப்பாவைச் சுற்றிப் பெண்களுமாக வீடு நிறைந்துவிட்டது. அமெரிக்கா என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. ஆறரைக்கு போன் அடித்தது. பக்கத்து வீட்டு சண்முகம் அண்ணாச்சி எடுத்து, "ஏய்யா, ஒனக்குத்தான், வெளிநாடு" என்றார். வெளிநாடு என்றதும் அழுதுகொண்டிருந்த பெண்கள் மரியாதைக்காக அழுகையை நிறுத்தினார்கள். எங்கள் போனுக்கு வயர் நீளம் கிடையாது. அப்பாவின் தலைமாட்டுப் பக்கமாகத்தான் நின்று பேச முடியும்.

"ஹவ் இஸ் யுவர் ஃபாதர் டுடே?" என்றாள் கேரன்.

தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். போய்விட்டார் என்று சொன்னால் இன்றிலிருந்து மூன்று நாள். பதினாறாம் நாள் நான் பாஸ்டனில் உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"சேம். நோ சேஞ்ச்."

வீட்டில் நிறைய ஆட்கள் இருக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறதே என்றாள். சொந்தக்காரர்கள் அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். எவ்வளவு பாசமான குடும்பம் என்று மெச்சினாள். பிறகு முந்தின நாள் அனுப்பிய ஃபைலில் ஒரு பிழை இருப்பதாகச் சொன்னாள். எந்த வரியில் என்று கேட்டு, பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். சண்முகம் அண்ணாச்சி அதைத் துக்க விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய்ப் பெஞ்சில் இருந்தவர்களிடம், "அமெரிக்காவுலேந்து துட்டி கேக்காவ. பாத்தியளா, அங்கனயும் மனுசங்க இருக்கத்தான செய்யுதாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். உள்ளே அழுகை மறுபடியும் ஆரம்பித்தது.

மறுநாள் ஆற்றங்கரையில் எரித்து, அடுத்த நாள் சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்தோம். தலையையும் மீசையையும் எடுத்தாயிற்று. சாயங்காலமானால் அப்பா படத்துக்குக் கீழே மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு போன் வரும். இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டாரா என்பாள். கொஞ்சம் கஞ்சி குடித்தார் என்பேன். மறுநாள் இரண்டு வாய் கூடுதலாக என்பேன். உயிரோடு இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டையில் செத்த பிறகு நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு, யாரோ உண்மையிலேயே அவருக்குக் கொஞ்சம் ஊட்டிவிட்டது போல ஓர் ஆறுதலும் இருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். ஒரு நாள், "ஃபாதர் ஃபாதர்னு என்னமோ கேக்காளே, நீ என்ன சொல்லுத?" என்று கேட்டுவிட்டாள். சொன்னேன். மூன்று நாள் விதியையும் சொன்னேன். "பதினாறு வரைக்கும் இருக்கணும்னு ஒங்கப்பா சொன்னாவளே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் வண்டி ஏறிப் போனபிறகு, அன்று சாயங்காலம் கேரனிடம் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அப்பா இன்றைக்குத்தான் போனார் என்று சொன்னால் கதை முடிந்துவிடும். ஆனால் துக்க விடுப்புக்குச் சாவுச் சான்றிதழ் காட்ட வேண்டும், அதில் தேதி இருக்கும். தேதியைத் திருத்திச் சோறு தின்கிறவனுக்கு அது தெரியாதா? அதுகூடப் பெரிதில்லை, ஏதாவது சமாளித்திருப்பேன். காலையில்தான் அவருக்கு எல்லாக் கடனையும் முடித்து அனுப்பி வைத்திருந்தோம். சாயங்காலம் நான் அவரை இன்னொரு தடவை சாகடிக்க வேண்டும். கேரன் ஆவலாக, எப்படி இருக்கிறார் என்றாள். "தேவலை" என்றேன். "குணமாகிவிட்டது. நான் வந்துவிடுகிறேன்." போனில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. டக் எழுதி வைத்தபடியே, அப்பாவுக்குக் குணமாகிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் நான் திரும்பினேன்.

மொட்டைத் தலையோடு ஆபீசில் நுழைந்ததும் எல்லாரும் பதறினார்கள். எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துகொண்டு முடி கொடுப்போம், அப்பாவுக்காகக் கொடுத்தேன் என்றேன். அப்பாவுக்காகத்தான் கொடுத்தேன். கேக் வெட்டினார்கள். அப்பா பெயரைச் சரியாக உச்சரிக்க ஒருத்தி என்னிடம் இரண்டு முறை கேட்டுப் பழகிக்கொண்டாள். நான் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் தலையாட்டினேன். சில மாதம் கழித்து சென் என்கிற சீனாக்காரர், தாயாருக்குச் சுகமில்லை என்று அவரும் டக்கிடம் போய் நின்றார். உடனே அனுமதி கிடைத்தது. இவனை அனுப்பினோமே, அப்பாவும் பிழைத்தார், வேலையும் கெடவில்லை என்று டக் என்னைத்தான் சாட்சிக்கு இழுத்தானாம். சென் என்னைத் தேடி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தாயார் பிழைக்கவில்லை. எத்தனை நாள் துக்கத்துக்கு வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வாங்கிக்கொண்டு போயிருந்தார், கெட்டிக்காரர். அவர் திரும்பி வந்த பிறகு என்னால் இன்னும் வாயைத் திறக்க முடியாமல் போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் கேரன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கருநீலக் கம்பளி நூலை வைத்துப் பின்ன ஆரம்பித்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவளாகவே, உன் அப்பா உன் உயரம்தானா, உன் அளவுதானா என்று கேட்டாள். என் அளவுதான் என்றேன். நோய்க்கு முன்னால் அப்படித்தான் இருந்தார். ஆற்றங்கரையில் சாயங்காலக் காற்றில் நடக்கிறார் என்கிறாயே, நெஞ்சில் குளிர் ஏறினால் என்ன ஆவது என்றாள். இங்கே ஆறு உறைந்துபோய்க் கிடக்கும், அவள் அறிந்த ஆற்றங்கரை அதுதான். எங்கள் ஆற்றங்கரையில் காற்று வந்தால் துண்டை எடுத்துவிட்டு வெற்று உடம்போடு உட்காருவோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருக்கலாம். அவள் என் முதுகில் ஸ்வெட்டரை வைத்து அளவு பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன்.

இந்த வருஷம் ஆவணியில் முதல் திதி. லீவு வேண்டும் என்று போனேன். இந்தத் தடவை செடியைப் பற்றியெல்லாம் பேசவில்லை, நேராகவே கேட்டேன். அப்பாவைப் பார்க்கவா, போ போ என்று உடனே கையெழுத்துப் போட்டாள். கிளம்புகிற அன்று மெல்லிய தாளில் சுற்றிய ஸ்வெட்டரைக் கொடுத்து, அவருக்கு என் அன்பைச் சொல் என்றாள்.

வீட்டில் பெட்டியைத் திறந்த அம்மா அதை எடுத்து உதறிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். அப்பாவுக்கு என்றேன். பதினாறோடு முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை, அங்கே அவர் பிழைத்துக்கொண்டார், இன்னும் இருக்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மா கம்பளியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"அங்கன நடக்காவளா?"

"நடக்காவ."

"சோறு எறங்குதா?"

"எறங்குது."

"அப்ப சொல்லிராத. அங்கனயாவது இருந்துட்டுப் போட்டும்."

காலையில் ஆற்றில் ஐயர் சொல்லச் சொல்லத் திதி கொடுத்துவிட்டு வந்தோம். அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு வடையும் பாயசமும் வைத்து, பக்கத்தில் புது வேட்டியும் துண்டும் வைத்தாள் அம்மா. உள்ளே போய் ஸ்வெட்டரை எடுத்து வந்து, மடித்து, அந்த வேட்டியின் மேல் வைத்தாள். சூடம் காட்டி முடிந்ததும் படையலில் வைத்த துணியைப் பிள்ளைதான் உடுத்திக்கொள்ள வேண்டும். வேட்டியைக் கட்டினேன். "அதையும் போட்டுக்க யய்யா" என்றாள். ஆவணி வெயிலில் வேட்டிக்கு மேல் அந்தக் கம்பளியை மாட்டிக்கொண்டு நின்றேன். வேர்வை முதுகில் ஓடியது. சாப்பிட வந்திருந்த சண்முகம் அண்ணாச்சி எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோள்பட்டையில் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். அதற்கு மேல் பார்க்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் போய் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். கம்பளியைக் கழற்ற முடியாமல் அங்கேயே நின்று அழுதேன்.

திரும்பி வந்த திங்கட்கிழமை கேரன் காபி மெஷின் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். ஸ்வெட்டர் அவருக்குச் சரியாக இருந்ததா என்றாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது என்றேன். கலர் பிடித்ததா? அம்மாவுக்குப் பிடித்திருந்தது என்றேன். இதில் எதுவும் பொய்யில்லை.

இதை எழுதுகிறபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. என்னிடம் இருக்கிற மெல்லிசு ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்துவிட்டது. எனக்கு அளவாக, கனத்த கம்பளியில், கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. சிந்துபூந்துறை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, அப்பாவின் சட்டை தொங்கிய ஆணியில் அதை அம்மா தொங்கவிட்டிருக்கிறாள். அதைப் போட்டுக்கொள்கிற குளிர் அங்கே ஒருநாளும் வரப்போவதில்லை. இங்கே அதைப் போட்டுக்கொண்டு நான் கேரன் முன்னால் போக முடியாது. நாளைக்குத் திங்கட்கிழமை.